‘வாஷ்’ ஒன்று, வால் ஆறு

1983-ஆம் ஆண்டு மாசி மாதம். தாராசுரம் கோயிலைப் பார்க்க வந்த ஓர் இங்கிலாந்து அம்மையார், கும்பகோணத்தில் எங்கள் அப்பாவின் பாத்திரக் கடையில் ஒரு பித்தளைத் தூக்கு வாங்கினார். பேரம் பேசாமல் வாங்கியதில் அப்பாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து காபி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையோடு அழைத்து வந்துவிட்டார். எங்கள் வீட்டு வாசலில், திண்ணையை ஒட்டி ஒரு தண்ணீர்த் தொட்டியும் செம்பும் எப்போதும் இருக்கும். அப்பா தம் ஆங்கிலம் முழுவதையும் திரட்டிக்கொண்டு, “பிளீஸ் வாஷ் யுவர் லெக்ஸ்” என்றார்.

அம்மையார் தம் நீளப் பாவாடையைக் குனிந்து பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். “ஆல் தி வே அப்?” என்று கேட்டார். மேலே வரைக்குமா என்று பொருள்.

நான் அப்போது பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு. வாயைத் திறக்கவில்லை. அம்மாதான் செம்பை எடுத்துத் தன் பாதத்தில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். “ஆ, ஃபீட்!” என்று அம்மையார் சிரித்துவிட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

அப்பா சொன்னதில் ‘வாஷ்’ சரிதான். கெடுத்தது ‘லெக்’. நமக்கு இடுப்புக்குக் கீழே கட்டைவிரல் வரைக்கும் ஒரே கால். அவர்களுக்கு ‘லெக்’ வேறு, ‘ஃபுட்’ வேறு. ஆனால் அன்றைக்குக் குழம்பியது என் மூளையில் வேறு விதமாகப் பதிந்தது. இரண்டு எழுத்துச் சொல்போல ஒலிக்கும் இந்த ‘வாஷ்’ எதற்கெல்லாம் வரும், எதற்கு வராது என்று அப்போதிருந்தே ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு, இப்போது அதே கடை மாடியில் மாலை வகுப்பு நடத்துகிறேன். நர்சிங் முடித்துவிட்டு இங்கிலாந்து போகிற பெண்களும், சிங்கப்பூர் போகிற பையன்களும் வருகிறார்கள். அவர்களுக்கு நான் நடத்தும் முதல் வினைச்சொல் இதுதான்.

முதலில் நம் வீட்டுக் கிணற்றடிக்கு வருவோம். அம்மா காலையில் பல் துலக்குவாள். முகம் கழுவுவாள். அரிசி களைவாள். கீரையை அலசுவாள். வெண்கலப் பானையைப் புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்ப்பாள். மற்றப் பாத்திரங்களை விளக்குவாள். துணி துவைப்பாள். சனிக்கிழமை என்றால் எண்ணெய் வைத்துக்கொண்டு தலைக்குக் குளிப்பாள். இவ்வளவுக்கும் தமிழில் தனித்தனி வினை. ‘துணி களைந்தாள்’ என்றால் பொருளே மாறி மானம் போய்விடும். ‘அரிசி துவைத்தாள்’ என்றால் சிரிப்பார்கள். எதைச் சுத்தம் செய்கிறோமோ அதற்கேற்ப வினை மாறுவது நம் வழக்கம்.

ஆங்கிலம் அப்படியில்லை. அரிசியா, கீரையா, பாத்திரமா, துணியா, தலைமுடியா, முகமா, எல்லாவற்றுக்கும் ‘வாஷ்’ போடலாம். வேறுபாட்டை அவர்கள் வினையில் வைப்பதில்லை. வினைக்குப் பின்னால் ஒட்டும் ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ போன்ற வால்களில் வைக்கிறார்கள். நம் பிள்ளைகள் தலையை மனப்பாடம் செய்துவிட்டு வாலை விட்டுவிடுகிறார்கள். தடுமாற்றம் அங்கேதான்.

வாலுக்குப் போகுமுன் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நடைமுறையில் ஒரே கேள்வி போதும்: தண்ணீர் உண்டா? உண்டு என்றால் பெரும்பாலும் ‘வாஷ்’. இந்தச் சொல்லே ‘வாட்டர்’ என்ற சொல்லுக்கு உறவு என்றுதான் சொல்லாராய்ச்சி செய்பவர்கள் கருதுகிறார்கள். தண்ணீர் இல்லாமல் துடைப்பத்தால் பெருக்கினால் ‘ஸ்வீப்’. துணியால் துடைத்தால் ‘வைப்’. சோப்பு போனபின் நல்ல தண்ணீரில் அலசுவது ‘ரின்ஸ்’. அடிப்பிடித்த பாலேட்டை நாரால் அழுத்தித் தேய்ப்பது ‘ஸ்க்ரப்’. பல்லுக்குத் தண்ணீர் உண்டு, ஆனாலும் ‘வாஷ்’ வராது. ‘பிரஷ்’ அல்லது ‘கிளீன்’. ‘கிளீன்’ என்பது முடிவைச் சொல்கிறது, ‘வாஷ்’ செய்த வேலையைச் சொல்கிறது. புதுமழைக்குக் கலங்கி வரும் குடமுருட்டி ஆற்றுத் தண்ணீரில் வெள்ளை வேட்டியைத் துவைத்துப் பாருங்கள்: ‘வாஷ்’ ஆகியிருக்கும், ‘கிளீன்’ ஆகியிருக்காது.

(ஒரு குறுக்குச் சால். எங்கள் பக்கத்தில் வீட்டைக் கூட்டுவதைப் ‘பெருக்குதல்’ என்போம். ஆற்றில் வெள்ளம் வருவதும் பெருக்கு, கணக்கில் வருவதும் பெருக்கல். ‘ஆடிப்பெருக்கு’ என்பதை ஒரு மாணவன் ‘ஆடி ஸ்வீப்பிங்’ என்று எழுதினான். மதிப்பெண் குறைக்க மனம் வரவில்லை.)

இனி, நம்மவர் செய்யும் தவறுகள். இவற்றை வகுப்பில் வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன்.

இலையில் சாப்பிட்டு எழுந்தவன் ‘கை கழுவினேன்’ என்கிறான். சாப்பிட்டது ஒரு கையால். கழுவியதும் ஒரு கை. அதை அப்படியே ‘ஐ வாஷ்ட் ஹேண்ட்’ என்று மாற்றுகிறான். ஆங்கிலத்தில் இரண்டு திருத்தம் வேண்டும். யார் கை என்று சொல்லியாக வேண்டும். கை இரண்டாக வேண்டும். ‘ஐ வாஷ்ட் மை ஹேண்ட்ஸ்.’ கல்யாண மண்டபத்தில் சாம்பார் பட்டது வலக்கையில் மட்டும்தானே என்று வாதாடக் கூடாது. அவர்கள் முள்கரண்டியும் கத்தியுமாக இரண்டு கையாலும் சாப்பிடுகிற கூட்டம்.

‘தலைக்குக் குளித்தேன்’ என்பதை ‘ஐ டுக் ஹெட் பாத்’ என்கிறார்கள். இந்தியாவுக்குள் புரியும். வெளியே போனால், ஒரு தொட்டியில் தலையை மட்டும் ஊறப்போட்டதாக நினைப்பார்கள். ‘ஐ வாஷ்ட் மை ஹேர்’ என்றால் போதும்.

பாத்திரத்துக்கு நாம் ‘வெசல்’ என்கிறோம். பாத்திரக் கடைக்காரர் மகளான எனக்கே இதை விட மனமில்லை. ஆனால் இங்கிலாந்தில் ‘வெசல்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது கப்பல்; ஆஸ்பத்திரிக்குள் போனால் இரத்தக் குழாய். நாகப்பட்டினத்திலிருந்து வரும் ஒரு நர்ஸ் பெண், ‘தினமும் மாலையில் வெசல்களைக் கழுவுவேன்’ என்று எழுதிக் கொண்டு வந்தாள். “துறைமுகத்திலா, ஆபரேஷன் தியேட்டரிலா?” என்று கேட்டேன். அடுத்த வாரம் ‘டிஷஸ்’ என்று திருத்திக்கொண்டு வந்தாள். ‘ஐ வாஷ் தி டிஷஸ்’; அல்லது ‘ஐ டூ தி டிஷஸ்’.

அந்தப் பெண்ணின் வாக்கியத்தில் இன்னொன்றும் இருந்தது. ‘தினமும் துணி துவைக்கிறேன்’, ‘இதோ துவைத்துக்கொண்டிருக்கிறேன்’ என்ற இரண்டு நிலைக்கும் பேச்சில் நாம் ‘துவைக்கிறேன்’ என்றே சொல்லிச் சமாளிப்போம். ஆங்கிலம் பிரித்துப் பார்க்கும். வழக்கமானால் ‘ஐ வாஷ் மை க்ளோத்ஸ் எவ்ரி டே’. இப்போது கை சோப்பு நுரையில் இருந்தால் ‘ஐ ஆம் வாஷிங்’. தினசரி வேலைக்கு ‘ஆம் வாஷிங்’ போட்டால், நீங்கள் நிறுத்தவே இல்லாமல் துவைத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

பைக் வைத்திருக்கிற பையன்களுக்கு ஒன்று. ‘நேற்று வண்டியை வாட்டர் வாஷ் செய்தேன்’ என்பீர்கள். செய்தது நீங்கள் இல்லை. பெட்ரோல் பங்கு பக்கத்தில் குழாய் பிடித்துக்கொண்டு நிற்கிறவர். ‘ஐ வாஷ்ட் மை பைக்’ என்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்களே இறங்கினதாகப் பொருள். மற்றவரைக் கொண்டு செய்வித்தால் ‘ஐ ஹேட் மை பைக் வாஷ்ட்’. சலவைக்குத் துணி போடுவதற்கும் இதே அமைப்புதான். ‘வாட்டர்’ என்பதைச் சேர்க்கவே வேண்டாம். அவர்கள் வேறு எதிலும் கழுவுவதில்லை.

ஒலிப்பைப் பற்றி இரண்டு வரி. இறந்தகாலத்தை ‘வாஷுடு’ என்று இழுக்காதீர்கள். கடைசியில் ஒரு சிறிய ‘ட்’ மட்டும்: ‘வாஷ்ட்’. அவன், அவள் என்று வரும்போது ‘வாஷஸ்’, இரண்டு அசை.

சரி, வால்கள். என் கணக்கில் ஆறு முக்கியம். எது போகிறது, எங்கிருந்து போகிறது என்று பார்த்தால் பிடிபட்டுவிடும்.

‘ஆஃப்’ என்றால் மேற்பரப்பிலிருந்து போவது. வயலிலிருந்து ஏறி வந்து வாய்க்காலில் காலைக் கழுவும்போது சேறு ‘வாஷஸ் ஆஃப்’. உள்ளே ஊறாத அழுக்கு.

‘அவுட்’ என்றால் உள்ளேயிருந்து போவது. இழையில் ஏறிய வாழைக்கறை துவைத்தால் ‘வாஷ் அவுட்’ ஆகாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இதே வால் பாத்திரத்தின் உட்புறத்தைக் கழுவுவதற்கும் வரும். மழையால் கிரிக்கெட் பந்தயம் நின்றுபோனால் ‘வாஷ்ட் அவுட்’. நிறம் போன துணியும், இரவு முழுக்க டியூட்டி பார்த்து முகம் வெளுத்த நர்சும் ‘வாஷ்ட் அவுட்’தான். தேர்தலில் ஒரு கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்காவிட்டால் நம் ஊரில் ‘வாஷ் அவுட்’ என்கிறோமே, ஆங்கிலத்திலும் படுதோல்விக்கு ‘வாஷ்அவுட்’ என்று ஒரு பெயர்ச்சொல் உண்டு.

‘அவே’. இந்த வாலை டெல்டாக்காரர்களுக்கு நான் கற்பிக்க வேண்டியதே இல்லை. இங்கே தண்ணீர் அழுக்கைக் கொண்டு போவதில்லை, பொருளையே கொண்டு போய்விடுகிறது. ‘அடித்துக்கொண்டு போயிற்று’ என்று நாம் சொல்வது அப்படியே இதுதான். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின. 19-ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை அது. அதே மாதம் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே, 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. மறுநாள் வகுப்பில் யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை; செல்போனில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பாடத்தை விட்டுவிட்டுக் கரும்பலகையில் ‘நைன் ஷட்டர்ஸ் வேர் வாஷ்ட் அவே’ என்று எழுதினேன். ‘வேர்’ ஏன் வருகிறது என்று ஒரு பையன் கேட்டான். மதகு தானாகப் போகவில்லை, தண்ணீர் கொண்டு போயிற்று; செயப்பாட்டு வினை என்றேன். இலக்கணத்தில் மந்தமாக இருந்தவன், அன்றைக்குப் பிறகு செயப்பாட்டு வினையில் தவறு செய்ததே இல்லை.

‘டௌன்’ இரண்டு விதம். லாரியையோ சுவரையோ மேலிருந்து கீழாகக் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது ஒன்று. தொண்டைக்குள் ஒன்றை இறக்கத் தண்ணீர் குடிப்பது மற்றொன்று: மாத்திரையைத் தண்ணீரோடு ‘வாஷ் டௌன்’ செய்கிறோம். நம் ஊர்ப் பெரியவர்கள் இட்லியைக் காபியோடு உள்ளே தள்ளுவதும் இதே வகை.

‘அப்’ கொஞ்சம் ஏமாற்றும். இங்கிலாந்தில் ‘வாஷ் அப்’ என்றால் சாப்பிட்ட பாத்திரங்களை விளக்குவது. அமெரிக்காவில் அதே சொல்லுக்குக் கை, முகம் கழுவிக்கொள்வது. லண்டனில் விருந்துக்குப் போன இடத்தில் ‘ஐ வில் வாஷ் அப்’ என்றால், உங்களைச் சமையலறைத் தொட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். மூன்றாவது பொருள் கடலோடு சேர்ந்தது: அலை எதையாவது கரையில் ஒதுக்கினால் ‘வாஷ்ட் அப்’, அல்லது ‘வாஷ்ட் அஷோர்’. 2004 டிசம்பர் 26-க்குப் பின் நாகப்பட்டினம் கரையைப் பற்றி ஆங்கிலச் செய்தித்தாள்களில் அந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்று நான் எண்ணவில்லை. அந்த எடுத்துக்காட்டை வகுப்பில் சொல்வதும் இல்லை. நாகையிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். கட்டை ஒதுங்கியது, சங்கு ஒதுங்கியது என்று நடத்திவிடுகிறேன்.

‘ஓவர்’ என்றால் மேலே படர்ந்து கடந்து போவது. அலைக்கும் பொருந்தும், திடீரென்று வரும் நிம்மதிக்கும் பொருந்தும்.

வால் இல்லாமலும் சில வழக்குகள் உண்டு. ஊரிலிருந்து வந்தவரிடம் ‘கை கால் அலம்பிக்கொண்டு வாருங்கள்’ என்போமே, அதற்கு நேரான ஆங்கிலம் ‘ஹேவ் எ வாஷ்’. அப்பா இதைச் சொல்லியிருந்தால் அந்த அம்மையார் பாவாடையைப் பார்த்திருக்க மாட்டார். இன்னொன்று, பழைய தலைமுறை ஆங்கிலேயர் வீட்டில் ‘வுட் யூ லைக் டு வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்?’ என்று கேட்டால் அது பெரும்பாலும் கழிப்பறைக்குப் போக வேண்டுமா என்ற நாசூக்கான கேள்வி. நாம் குழந்தைக்குக் ‘கால் கழுவிவிட்டேன்’ என்று சொல்லும்போது எதைக் கழுவினோம் என்று ஊருக்கே தெரியும். அவர்கள் கையில் மறைக்கிறார்கள், நாம் காலில் மறைக்கிறோம்.

பொறுப்பை உதறுவதற்கு ‘வாஷ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ் ஆவ்’ (of; மேலே பார்த்த ‘ஆஃப்’ வால் இல்லை). இயேசுவின் வழக்கில் பிலாத்து கூட்டத்தின் முன் தண்ணீர் எடுத்துக் கைகழுவியது மத்தேயு 27:24-இல் வருகிறது; அங்கிருந்து பிறந்த தொடர் இது. தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது நம் தரங்கம்பாடியில்தான், 1715-இல், சீகன்பால்கு காலத்தில். ‘மகனைக் கைகழுவிவிட்டார்’ என்று நாமும் சொல்கிறோம். இன்னும் கோபம் என்றால் நமக்குத் ‘தலைமுழுகிவிட்டேன்’ இருக்கிறது. அந்த உறைப்புக்கு ஆங்கிலத்தில் ‘வாஷ்’ எதுவும் இல்லை. ஒருவனை உயிரோடு இழவுக் குளியல் குளித்துத் தீர்ப்பது நம் ஊர்க் கோபம்.

1611-இல் வந்த ஆங்கில பைபிளில், கழுவாத கையைக் குறிக்க ‘அன்வாஷன்’ என்று ஒரு சொல் இருக்கிறது. இன்றைக்கு ‘அன்வாஷ்ட்’ என்போம். ‘ஈட்டன்’, ‘டேக்கன்’ போல ஒரு காலத்தில் ‘வாஷன்’ என்று சொல்லியிருக்கிறார்கள். பிறகு இந்த வினை சாதுவாகி ‘-ட்’ பக்கம் வந்துவிட்டது. மாணவர்களுக்கு மகிழ்ச்சி, மனப்பாடம் செய்ய ஒன்று குறைந்தது.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கு ‘இட் வோன்ட் வாஷ்’. ‘வாஷ்’ என்பதை ஆங்கிலத்தில் துணியின் குணமாகவும் சொல்லலாம்: ‘திஸ் க்ளோத் வாஷஸ் வெல்’ என்றால் துவைத்தால் கெடாது, சாயம் நிற்கும். திருபுவனம் பட்டுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அதை வாளியில் முக்குகிறவருக்கு அடுத்த முகூர்த்தத்தில் உடுத்தப் புடவை இருக்காது. துவைத்தால் நிற்காத துணியைப் போல, விசாரித்தால் நிற்காத சாக்குக்கும் ‘இட் வோன்ட் வாஷ்’. ‘சாயம் வெளுத்துவிட்டது’ என்று நாம் சொல்வதற்குப் பக்கத்து வீடு. பாபநாசத்திலிருந்து வரும் ஒருவன் மூன்றாவது நாளாகத் தாமதமாக வந்து, “பஸ் வரவில்லை, டீச்சர்” என்றான். “தட் வோன்ட் வாஷ்” என்றேன். “நாளைக்கு நன்றாகத் துவைத்துக் கொண்டு வருகிறேன், டீச்சர்” என்றான். உட்காரச் சொல்லிவிட்டேன்.

வரைபடத்தில் தேடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ‘தி வாஷ்’ என்ற பெயரில் ஒரு வளைகுடாவே இருக்கிறது. நான்கு ஆறுகள் வந்து விழும் சேற்றுவெளி. தட்டையான நிலம், வாய்க்கால்கள், வரப்புகள். 1216-இல் ஜான் மன்னரின் பொருள் வண்டிகள் அந்தச் சேற்றைக் கடக்கும்போது கடலேற்றத்தில் சிக்கிப் போயின என்று அவர்கள் வரலாறு சொல்கிறது. ‘வாஷ்ட் அவே’ தான். நம் முத்துப்பேட்டைப் பக்கத்துக் காயலைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் அந்நியமாகத் தோன்றாது.

வகுப்பு முடிவில் ஐந்து வாக்கியம் கொடுப்பேன். நீங்களும் விடையை மூடிக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

சாப்பிட்டுக் கை கழுவினேன். ‘ஐ ஏட் அண்ட் வாஷ்ட் மை ஹேண்ட்ஸ்.’

வண்டியை வாட்டர் வாஷ் விட்டேன். ‘ஐ ஹேட் மை பைக் வாஷ்ட்.’

மழை நாற்றை அடித்துக்கொண்டு போயிற்று. ‘தி ரெயின் வாஷ்ட் தி சீட்லிங்ஸ் அவே.’

தாத்தா மோர் குடித்து மாத்திரையை விழுங்கினார். ‘கிராண்ட்ஃபாதர் வாஷ்ட் தி டேப்லெட் டௌன் வித் பட்டர்மில்க்.’

அம்மா வாசலில் சாணம் தெளித்தாள். இதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். தண்ணீர் இருக்கிறது, வாசலும் சுத்தமாகிறது, ஆனாலும் ‘வாஷ்’ வராது, தெளிப்பதற்கு ‘ஸ்பிரிங்கிள்’. இதற்கு ‘வாஷ்’ எழுதி வருகிறவர்களின் நோட்டில் நான் சிவப்பு மையால் அடிப்பதில்லை. ஒரு சாணி உருண்டை வரைந்து, அதன் தலையில் ஒரு பூசணிப் பூவையும் செருகிவிடுகிறேன்.